தாயின் உடல்நலமும் வீட்டாரின் விசுவாசமும்

அன்னையர் ஞாயிறன்று நம் திருச்சபைகளில் நிகழ்த்தப்பெறும் அருளுரைகளில் தாயின் தியாகம் தவறாமல் போற்றப்படுகிறது. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள், எல்லாரும் உறங்கியபின் உறங்குபவள், நோயுற்றாலும் வாய் திறவாதவள் என்றெல்லாம் தாயைப் புகழ்கிறோம். இப்புகழ்ச்சி நன்றியுணர்விலிருந்து பிறப்பதே. ஆயினும், அது தாய்மாரின் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைத் தாய்மாராகிய நாமே ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள மகாராஜபுரம் போன்றதோர் ஊரின் வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாய் விடியுமுன் எழுகிறாள். சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வயலுக்கோ தோப்புக்கோ இராஜபாளையத்து நூற்பாலைக்கோ புறப்படுகிறாள். காலையுணவு பெரும்பாலும் ஒரு குவளைக் காப்பியோடு முடிந்துவிடுகிறது. இரவில் குழம்பிலுள்ள காய் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட, அவளுக்குச் சோறும் இரசமும் மிஞ்சுகின்றன. படியேறினால் மூச்சு வாங்குகிறது. எழுந்து நின்றால் கண் இருளுகிறது. வேலைக் களைப்பு என்று அதைத் தள்ளிவிடுகிறாள்.

இது பலவேளைகளில் களைப்பு அன்று, இரத்தசோகை ஆகும். உயிர்க்காற்றை உடலெங்கும் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து தேவை. மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் பெண்கள் அச்சத்தை இழக்கிறார்கள். உணவிலோ அது ஈடுசெய்யப்படுவதில்லை. கருவுறாத பெண்ணுக்கு நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது சோகையெனக் கொள்ளப்படுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். தமிழகத்திலும் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையிலேயே உள்ளனர். கடுஞ்சோகையுள்ள கர்ப்பிணிக்குப் பேற்றின்போது ஏற்படும் இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம். ஆகவே தாய் தன்னை வெறுமையாக்கிப் பிள்ளையை நிரப்புகிறாள் என்னும் எண்ணம் பிழையானது. அவள் வெறுமையானால் பிள்ளையும் வெறுமையாகிறது.

திருமறை காட்டும் வழி

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இரு பெண்களின் வரலாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஒருத்தி பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்தியவள். மற்றவள் பன்னிரண்டு வயதுள்ள யவீருவின் மகள். நெடுங்காலம் இரத்தத்தை இழந்த அப்பெண் எவ்வளவு சோர்ந்திருப்பாள் என்பதை இன்றைய தாய்மாருக்கு விளக்க வேண்டுவதில்லை. அவள் வைத்தியரை நாடிப் பொருளையெல்லாம் செலவழித்தாள். அதற்காக ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மறைவில் வந்தவளை வெளியே அழைத்து, அவள் சொல்லும் யாவற்றையும் கேட்டு, மகளே என்று விளித்தார். அவசரமாகச் சென்றுகொண்டிருந்த பயணத்தையே அவளுக்காக நிறுத்தினார் என்பது நோக்கத்தக்கது.

யவீருவின் வீட்டில் நிகழ்ந்ததும் சிந்தனைக்குரியது. சிறுமி எழுந்து நடந்தபின், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். உயிர்ப்பித்தவர் அவரே, உணவளிக்கும் பொறுப்பை வீட்டாரிடம் ஒப்படைத்தார். அற்புதம் அடுக்களையை விலக்கிவிடவில்லை. ஆதலால் ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்பாரின் கூற்றுக்குத் திருமறையில் ஆதாரமில்லை. எசேக்கியாவுக்காக ஏசாயா அத்திப்பழப் பற்றைப் போடச் சொன்னார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான்.

நம் முன்னோடி ஒருவர்

தாய்மையைக் குறித்துத் தமிழில் சிந்தித்த கிறிஸ்தவப் பெண்களுள் அன்னா சத்தியநாதன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். இவர் 1830இல் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். இவருடைய கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர், சிவகாசியை மையமாகக்கொண்டு இராக்லண்டு ஐயர் தொடங்கிய வடநெல்லை ஊழியத்தில் பங்குபெற்றவர். அவ்வூழியம் நம் பகுதிகளில் நற்செய்தியைப் பரப்பியது. பின்னர்ச் சென்னையில் பெண்கல்விக்கு உழைத்த அம்மையார், நல்ல தாய் என்னும் நூலைத் தமிழில் எழுதினார், 1878இல் மறைந்தார். தாயின் அன்றாடப் பணியும் எழுதிக் கற்பிக்கத்தக்க அறிவே என்பதை அவர் ஏற்றார். அந்த மரபில் வந்த நாம், தாயின் உடலைக் காப்பதையும் அவ்வறிவின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவதாக, நாளில் ஒரு வேளையாவது குடும்பத்தார் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். கறியை முதலிலேயே தாய்க்கும் சேர்த்துப் பங்கிடுக. இரண்டாவதாக, முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், இயன்றபோது ஈரல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். உணவோடு அருந்தும் காப்பியும் தேநீரும் அதைத் தடுக்கும். மூன்றாவதாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப்போவது கண்டு அஞ்சி நிறுத்திவிடலாகாது. மிகுந்த உதிரப்போக்கை வெட்கத்தால் மறைப்பதும் தகாது.

இவற்றுள் முதலாவது பணச்செலவற்றது. ஆயினும் அதுவே கடினமானது. ஏனெனில் அது வீட்டாரின் பழக்கத்தை மாற்றக் கேட்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், திருவிருந்தில் யாரையும் கடைசி மீதிக்குக் காத்திருக்க விடுவதில்லை. வீட்டுப் பந்தியில் மட்டும் அவ்வாறு விடுவது எங்ஙனம் தகும்? தந்தையர் இதைத் தொடங்கிவைத்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். அன்பினால் தன்னை அளிப்பது வேறு. யாரும் கவனியாமையால் தேய்ந்துபோவது வேறு. முன்னையதைத் தாய் மனமுவந்து அளிப்பாள். பின்னையதைத் தியாகம் என்று பெயரிட்டு நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

அடுத்த அன்னையர் ஞாயிறன்று தாயைப் புகழ்வதோடு நில்லாமல், அன்று மதியம் அவளுக்கு முதலில் பரிமாறுவோமாக.