வயிறு பெருத்த குழாயின் ரகசியம்

சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்கும் 'எண்டியூரோ' மோட்டார் சைக்கிளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் எஞ்சினிலிருந்து புறப்படும் புகைக் குழாய், இரை விழுங்கிய மலைப்பாம்பு போல நடுவில் பெருத்து, பிறகு ஒடுங்கிச் செல்லும். ஏன் இந்தக் கோலம்? அழகுக்காக அன்று. அந்த வயிற்றுக்குள் ஒலியியல் வேலை செய்கிறது!

பட்டறைக்காரர்கள் 'டூ ஸ்ட்ரோக்' என்பதை நாம் இரு வீச்சு எஞ்சின் என்போம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் எரியும். இரு வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றிலும் எரியும். உருளையின் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். ஆகவே எடை குறைவு, திறன் அதிகம். மலைச் சரிவில் விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டியவருக்கு இது பெரிய வரம்.

ஆனால் ஒரு குறை உண்டு. புகை வெளியேறும் துளையும் புதுக்கலவை நுழையும் துளையும் ஒரே சமயத்தில் திறந்திருக்கின்றன. கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு ஓடிவிடும். அதைத் தடுக்க என்ன வழி? அலையையே கதவாக்குவதுதான்!

துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய் அகலும் இடத்தில் அது நெகிழ்வு அலையாகத் திரும்பி, பழைய புகையை உறிஞ்சுகிறது. குழாய் ஒடுங்கும் இடத்தில் நெருக்க அலையாகத் திரும்பி, வெளியே வந்துவிட்ட புதுக்கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளுகிறது.

கணக்கிடுவோமா? எஞ்சின் நிமிடத்துக்கு 8000 முறை சுற்றினால், ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி வினாடி. துளை ஏறத்தாழ அரைச் சுற்று, அதாவது 3.75 மில்லி வினாடி திறந்திருக்கும். அது மூடுவதற்குச் சற்று முன், 3.2 மில்லி வினாடியில், அலை திரும்ப வேண்டும். சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். போய்வரும் தூரம் 1.6 மீட்டர்; ஒருவழித் தூரம் 80 செ.மீ.

4000 சுற்றில் இதே அலை மிக முன்னதாக வந்து, நுழையும் கலவையையே மறிக்கும். அதனால்தான் இவ்வகை வண்டிகள் மந்தமாகச் சென்று திடீரெனச் சீறுகின்றன. சேற்றில் இந்தச் சீற்றம் ஆபத்து. வேகம் குறைந்தபோது துளையின் மேல்விளிம்பைத் தாழ்த்தும் தடுப்பு பின்னாளில் வந்தது இதற்காகவே.

இக்குழாயைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத் திறன் தந்தது. அவ்வாண்டே பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றார். அவரோடு இந்த நுட்பமும் ஜப்பானின் சுசூகி நிறுவனத்தை அடைந்தது. சர்வதேச ஆறு நாள் போட்டியிலோ 1963 முதல் 1967 வரை கிழக்கு ஜெர்மனிக் குழுவே வென்றது.

எனினும் அலைக்கதவு முழுக்கதவு அன்று. எரியாத பெட்ரோலும் எண்ணெய்ப் புகையும் காற்றைக் கெடுத்ததால், சாலைகளிலிருந்து இவ்வண்டிகள் பெரும்பாலும் விலகின. 2017-இல் ஆஸ்திரியாவின் கே.டி.எம். நிறுவனம், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறையை எண்டியூரோ வண்டிகளில் கொண்டுவந்தது. இழப்பு குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

குழாயை வெட்டினால் வேகம் கூடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஓசை கூடும், அலை திரும்பாது!

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: 6000 சுற்றுக்கு இக்குழாய் எவ்வளவு நீளம் வேண்டும்? (விடை: ஏறத்தாழ 107 செ.மீ.)