ஓய்வு நேரத் தட்டில் என்ன இருக்கிறது?

ஓய்வு நேர மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் வரிசை நீள்கிறது. நாசி லெமாக், மீ கோரெங், பொரித்த கோழித்துண்டு, டின் பால் ஊற்றிய இனிப்புத் தண்ணீர். மலேசியாவின் புக்கிட் பெருவாங்கிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு இவை பழகிய பண்டங்கள்தாம்; வீட்டருகே உள்ள கடைகளிலும் கிடைப்பது இதே உணவு. இதில் வயிறு நிறைந்துவிடுகிறது. வளரும் உடம்புக்கு வேண்டியது சேர்கிறதா?

ஒரே வகுப்பில் இரு குறைகள்

மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். அதே ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2022ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கவலை தருகிறது: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருந்த குழந்தைகளில் 46.5 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. அந்தக் குழந்தைகள்தாம் சில ஆண்டுகளில் முதலாம் ஆண்டு வகுப்புக்கு வருகிறார்கள்.

குட்டையும் பருமனும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆனால் வேர் பெரும்பாலும் ஒன்றே. மலிவாகக் கிடைக்கும் மாவு, எண்ணெய், சர்க்கரை மூன்றும் உடம்புக்குச் சக்தியைக் கொட்டுகின்றன. புரதம், இரும்பு, துத்தநாகம் போன்றவற்றைப் போதிய அளவு தருவதில்லை. எடை ஏறுகிறது, உயரம் நிற்கிறது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை சோர்ந்து உட்காரும், பாடத்தில் கவனம் நிற்காது. அதைச் சோம்பல் என்று திட்டுவது பெரிய அநியாயம்.

ஆர்.எம்.டி. தட்டு

வசதி குறைந்த மாணவர்களுக்கான கூடுதல் உணவுத் திட்டம், பெற்றோர் பேச்சில் ஆர்.எம்.டி., நாடு முழுவதும் 1979இல் தொடங்கியது. 1983இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தது. தீபகற்பத்தில் ஒரு மாணவருக்கு 2.50 ரிங்கிட்டாக இருந்த உணவுத் தொகை 2022இல் 3.50 ரிங்கிட்டாக உயர்ந்தது. அரிசி, கோழி, கேஸ், வேலையாள் கூலி, சமைப்பவரின் வருமானம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விலை ஏறும்போது தட்டில் சோறு குறைவதில்லை. காய்கறியும் மீனும்தான் சுருங்குகின்றன. இரண்டு துண்டு வெள்ளரிக்காயைக் காய்கறி என்று கணக்கெழுதக் கூடாது.

எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவருக்கும் இலவசக் காலை உணவு தரும் திட்டத்தை 2019இல் அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் அறிவித்தார். 2020 ஜனவரியில் அவர் பதவி விலகிய பிறகு அது அந்த வடிவில் நடக்கவில்லை. தமிழ்நாடு அந்தப் பாதையில் போய்விட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. அங்கே குடும்ப வருமானம் கேட்கப்படுவதில்லை. ‘ஏழைப் பிள்ளையின் தட்டு’ என்ற கூச்சமும் எழ இடமில்லை. மலேசியாவும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

கைக்கெட்டும் சத்து

சுகாதார அமைச்சின் ‘சுகு சுகு செபாரு’ முறை எளிமையானது: தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுணவு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரதம், மீதிப் பாதி காய்கறியும் பழமும். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதற்கான பண்டங்கள் அந்நியமல்ல. முருங்கைக்கீரை, பாயாம் கீரை, பருப்பு, நெத்திலி, தெம்பே எதுவும் ஆடம்பரமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது.

சேர்க்கையிலும் நுட்பம் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. கூடவே கொய்யாவோ பப்பாளியோ சாப்பிட்டால் அவற்றின் வைட்டமின் சி அதைச் சேர்த்துக்கொடுக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் நேர்மாறாகத் தடுக்கும். பள்ளிக்கு அனுப்பும் முன் பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் பழக்கத்தை வீடுகள் விட்டாக வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கார்பன் கலந்த பானங்களையும் மிட்டாய்களையும் விற்க அரசின் வழிகாட்டி அனுமதிப்பதில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் வண்டியில் அவை கிடைத்தால் அந்த விதிக்குப் பாதிப் பலம்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டடத்தையும் விளையாட்டுப் போட்டியையும் பேசும் அதே அக்கறையோடு இதையும் பேசலாம்: வாராந்தர உணவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்வது, முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிட்டுப் பார்ப்பது, இனிப்புத் தண்ணீருக்குப் பதிலாக வெறும் குடிநீர் வைக்கச் சொல்வது. குடிநீர் மாற்றத்துக்கு யாரும் கூடுதலாக ஒரு சென்னும் செலவழிக்க வேண்டியதில்லை. அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.