கார்த்திகையில் தூங்கும் மெக்சிகோக்காரி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ஊரே தண்ணீரில் நின்றபோது, முத்தியால்பேட்டை மொட்டைமாடியில் இருந்த மூன்று விரல் அகலச் செடி ஒன்றுக்காக நான் தவித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுக்குருத்து கூழாகிப்போய் விரலோடு வந்துவிட்டது.

செடியின் பெயர் பிங்குயிகுலா. பூச்சி தின்னும் செடி. லத்தீனில் பிங்குயிஸ் என்றால் கொழுப்பு. இலையைத் தொட்டால் வெண்ணெய் தடவியது போலிருக்கும். ஆங்கிலத்தில் பட்டர்வோர்ட் என்பதும் அதனால்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இலை முழுக்கக் குண்டூசி நட்டதுபோல் சுரப்பிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பசைத்துளி. கொசு போன்ற பொடிப்பூச்சி ஒட்டிக்கொண்டதும், காம்பில்லாமல் இலையோடு படிந்திருக்கும் வேறு சுரப்பிகள் நொதியைக் கசியவிட்டுச் செரிக்கின்றன. உலகில் சுமார் 100 இனங்கள். ஏறக்குறைய பாதி மெக்சிகோவில். பலரும் வளர்க்கும் மொரானென்சிஸ், ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டும் பிரெஞ்சுக்காரர் போன்பிளானும் ஹிடால்கோ பகுதியின் மொரான் சுரங்கத்தருகே சேகரித்தது. பெயர் கிடைத்தது 1817இல்.

அங்கே மே, ஜூனில் பிடிக்கும் மழை அக்டோபரோடு ஓயும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அப்போது செடி பசையிலைகளை உதிர்த்துவிட்டு, தடித்த குட்டி இலைகளைத் தாமரை மொட்டுபோல் நெருக்கி அடுக்கிக்கொள்ளும். அவற்றில் பசை இல்லை, வேட்டையும் இல்லை. இந்தத் தூக்கம் பனிக்குப் பயந்து அல்ல, தண்ணீர் இல்லாததால். சேர்த்துவைத்த ஈரத்தில் காலம் தள்ளுகிறது.

சிக்கல் இங்கேதான். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். அதாவது, சரியாக அது தூங்கும் நேரத்தில். நம் மண்ணின் அழுகண்ணிக்கு எல்லாமே தலைகீழ்: அதுவும் பசைத்துளியால் பூச்சி பிடிப்பதுதான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் முளைத்து, கோடையை விதையாகவே கழித்துவிடும்.

ஆகவே குளிர்காலத்தில் மெக்சிகோக்காரிக்கு முதல் தேவை கூரை. ஐப்பசி பிறந்ததும் தொட்டியை சாரல் படாத, வெளிச்சமுள்ள சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். தொட்டிக்கடியில் தண்ணீர்த் தட்டு வேண்டாம். மண் காய்ந்த பிறகு ஓரமாகக் கொஞ்சம் தெளித்தால் போதும். குருத்தில் ஒரு சொட்டும் தேங்கக்கூடாது. காற்றிலேயே ஈரம் நிறைந்த ஊர், மின்விசிறிக் காற்று பட்டால்கூட நல்லதே. கடலோர போர் தண்ணீரின் உப்பு இதற்கு ஆகாது. மொட்டைமாடியில் விழும் மழையைக் குடத்தில் பிடித்துவைத்தால், செடி விழித்த பிறகு கோடை முழுக்க உதவும். பெரிய பசையிலை தலைகாட்டும்போது தட்டில் தண்ணீரைத் திரும்ப வைக்கலாம்.

என் செடியில் குருத்து போனாலும் வெளிவட்டத்தில் இரண்டு இலைகள் கெட்டியாக இருந்தன. அடியோடு மெல்லப் பிய்த்து, ஈர மணல் போட்ட டிபன் டப்பாவில் படுக்கவைத்தேன். பொங்கல் கழிந்து சில நாளில், இரண்டின் அடியிலும் கடுகளவு பச்சை தெரிந்தது.