குரங்கின் மூளையும் ‘பேச்சு மையம்’ என்னும் கலைச்சொல்லும்

பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு, நெல்லியாம்பதி ஆகிய மலைக்காடுகளிலும் இடுக்கி மாவட்டத்துப் பெரியாற்றுப் பகுதியிலும் வாழும் சோலைமந்தி, மலையாளத்தில் சிங்கவாலன் குரங்கு எனப்படுகிறது. இதுவும் ஊர்ப்புறங்களில் காணப்படும் நாட்டுக்குரங்கும் மகாக் என்னும் பேரினத்தைச் சார்ந்தவை. மனித மூளையோடு மிகுதியாக ஒப்பிட்டு ஆராயப்பட்டுள்ள ரீசஸ் குரங்கும் இப்பேரினத்ததே. அவ்வாய்வுகளைத் தமிழில் தருவோர் எதிர்கொள்ளும் ஒரு கலைச்சொற் சிக்கல் இங்கு ஆராயப்படுகிறது.

1861இல் பிரோக்கா, பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையில் இடது முன்மடல் சிதைந்திருந்ததைக் கண்டார். அப்பகுதியைப் ‘பேச்சு மையம்’ எனக் குறிக்கும்போது, அது மனிதனுக்கே உரியது, பேச்சுக்கென்றே அமைந்தது என்னும் இரு கருத்துகள் உடன் வந்துவிடுகின்றன. இரண்டும் பொருந்தா. பிரோக்கா பகுதியின் ஒரு கூறு 44ஆம் புலம் என எண்ணிடப்பட்டுள்ளது. அதற்கு நிகரான புலம் மகாக் குரங்கிலும் உள்ளதைப் பெட்ரைடிசும் பிறரும் 2005இல் உயிரணு அமைப்பைக் கொண்டு நிறுவினர். அதனை மின்னால் தூண்டியபோது வாயும் முகமும் அசைந்தன.

எனினும், இப்பகுதி சிதைவுற்ற குரங்கு தன் இயற்குரல்களை இழப்பதில்லை. மரச்செறிவில் ஒன்றையொன்று காணாத மந்திகள் எழுப்பும் தொடர்புக்குரல் போன்றவை பெரும்பாலும் நடுமூளையைச் சார்ந்தவை. ஆனால், குறிப்பறிந்து குரலெழுப்பப் பயிற்றப்பட்ட ரீசஸ் குரங்குகளில், குரலெழுமுன் இப்பகுதியின் நரம்பணுக்கள் செயற்படுவதை ஹேகும் நீடரும் 2013இல் காட்டினர்.

அவ்வாறாயின் வேறுபாடு எங்குள்ளது? மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களும் ரீசஸ் குரங்கின் மூளையில் ஏறத்தாழ 640 கோடியும் உள்ளன. இவ்வெண்ணிக்கையினும் இணைப்பே மொழியியலார்க்கு முதன்மையானது. முன்மடலையும் பொட்டுமடலையும் இணைக்கும் வில்வடிவ நரம்புக்கற்றை மனிதனில் பொட்டுமடலின் நடுமடிப்பு வரை விரிந்து பரவுகிறது. சிம்பன்சியில் அவ்விரிவு மிகக் குறைவு. மகாக்கில் அது காணப்படவில்லை என்பது 2008இல் ரில்லிங் குழுவினர் கண்ட முடிவு. குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்கு மூளைப் புறணியிலிருந்து நேரடித் தொடர்பு மனிதனில் உண்டு, மகாக்கில் இல்லை. மகாக்கின் குரற்பாதை பல உயிரொலிகளை உருவாக்க வல்லது என்று ஃபிட்ச் முதலானோர் 2016இல் கணித்துக் காட்டியதால், தடை வாயில் அன்று, அதை ஆளும் நரம்பமைப்பிலேயே உள்ளது என்பது தெளிவு.

ஆகவே, ‘குரங்கின் பேச்சு மையம்’ என்று பெயர்ப்பது குரங்குக்கு இல்லாத பேச்சை ஏற்றிக் கூறுவதாகும். ‘குரங்கில் அப்பகுதி இல்லை’ என்பதும் பிழையே. உயிரியலில் வழங்கும் ‘அமைப்பொத்த’, ‘செயலொத்த’ என்னும் சொற்கள் இங்குப் பயன்படும். ‘பிரோக்கா பகுதிக்கு அமைப்பொத்த பகுதி’ என்பது நீளமாயினும், அமைப்பின் ஒப்புமையைக் காட்டிச் செயலின் ஒப்புமையை வலியுறுத்தாது நிற்கும்; ஆய்வு சொல்வதும் அதுவே.