கேபிளில் எழுதிய 75 ஓம் எங்கே?

ஒன்பதாம் வகுப்பில் ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’ பாடம் நடத்தும்போது, வீட்டு டிஷ் கேபிளில் ஒரு சிறு துண்டைக் கொண்டுவரச் சொல்வேன். அந்தக் கறுப்பு உறையின் மேல் பெரும்பாலும் ‘75 ஓம்’ என்று அச்சிட்டிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுக்கம்பியிலும் மற்றதை வெளிப்பின்னலிலும் வைத்தால் முடிவிலி காட்டுகிறது. நடுக்கம்பியின் இரு நுனிகளுக்கிடையே வைத்தால் ஏறக்குறைய சுழி. “75 எங்கே மிஸ்?” என்று இந்த ஆண்டும் ஒரு மாணவி கேட்டாள். கேபிள் பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா?

இரண்டும் பொய் சொல்லவில்லை. மல்டிமீட்டரால் அளக்க முடியாத ஓம் ஒன்று உண்டு. அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒத்திவைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஒரு 1.5 வோல்ட் மின்கலத்தை 20 மீட்டர் நீளக் கேபிளின் ஒரு முனையில் இணைப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுமுனையில் எதுவும் இணைக்கப்படவில்லை. ஆனால் அது மின்கலத்துக்கு எப்படித் தெரியும்? நெகிழி மின்காப்பு நிறைந்த கேபிளில் மின்அலை நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது வெற்றிடத்தில் ஒளி செல்லும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 20 மீட்டர் போய்த் திரும்ப 0.2 மைக்ரோ நொடி ஆகும். அந்தச் சேதி திரும்பி வரும்வரை மின்கலம் கேபிளுக்குள் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். 1.5-ஐ 0.02-ஆல் வகுத்தால் 75. அச்சிட்ட எண் இதுதான். பிறகு முன்னும் பின்னும் எதிரொலித்து எல்லாம் அடங்கி, மின்னோட்டம் சுழியாகிவிடுகிறது. மல்டிமீட்டர் மெதுவான கருவி. அடங்கிய பிறகு உள்ளதை மட்டுமே அது பார்க்கிறது. தொலைக்காட்சி அலையோ நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறுவதால் ஒருபோதும் அடங்குவதில்லை.

அதனால்தான் கேபிளைப் பாதியாக வெட்டினாலும் 75 ஓம் 75 ஓமாகவே இருக்கிறது. நீளத்தைப் பொறுத்த மின்தடையைப் படித்த பிள்ளைகளுக்கு இது வியப்பளிக்கும். இந்த எண்ணைத் தீர்மானிப்பவை இரண்டு: நடுக்கம்பியின் விட்டத்துக்கும் மின்காப்பின் வெளிவிட்டத்துக்கும் உள்ள விகிதம், மின்காப்பு எந்தப் பொருள் என்பது. திருகு அளவியும் வெர்னியர் அளவியும் ‘அளவீடு’ பாடத்தோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன. அவற்றை இங்கே மீண்டும் எடுக்கலாம். நடுக்கம்பியைத் திருகு அளவியாலும், பின்னலை நீக்கிய வெண்ணிற மின்காப்பை வெர்னியராலும் அளந்தால், திடப் பாலித்தீன் உள்ள பழைய கேபிளில் விகிதம் 6.5-ஐ ஒட்டி வரும். நுரைப் பாலித்தீன் உள்ள இன்றைய டிஷ் கேபிளில் 4.5-ஐ ஒட்டி வரும். நுரையில் காற்று கலந்திருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம். ஒரே அச்சில் இரு கடத்திகளை வைக்கும் இந்த அமைப்புக்கு 1880-இலேயே ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை பெற்றுவிட்டார்.

இனி ஆண்டெனா. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. திருத்தணி அங்கிருந்து வான்வழியே சுமார் 75 கிலோமீட்டர். ஒலிபரப்புக் கோபுரம் 150 மீட்டர் என்றும் நம் மாடிக் கம்பம் தரையிலிருந்து 10 மீட்டர் என்றும் வைத்துக் கணக்கிட்டால், பூமியின் வளைவு காரணமாக அலை நேராக எட்டும் தூரம் 63 கிலோமீட்டர்தான். உயரமான கம்பமும் பல குறுக்குக் குழாய்கள் கொண்ட ஆண்டெனாவும் இங்கே தேவைப்பட்டது இதனால்தான். இந்த வடிவத்தை 1926-இல் ஜப்பானில் உருவாக்கியவர்கள் உடாவும் யாகியும். மலை இருப்பதால் இன்னொன்றும் நடக்கும். நேரே வரும் அலையோடு, மலையில் பட்டுத் திரும்பும் அலையும் சேரும். “படத்துக்கு நிழல் அடிக்குது” என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். எதிரொலித்த அலை 1,500 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் 5 மைக்ரோ நொடி தாமதம். ஒரு படவரி 52 மைக்ரோ நொடியில் வரையப்பட்டதால், நிழல் திரை அகலத்தில் பத்தில் ஒரு பங்கு வலப்புறம் தள்ளி விழும்.

கிடைக்கும் அலையே குறைவு என்னும்போது, ஆண்டெனாவோடு கேபிள் சேரும் இடத்தில் கவனம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்த ஓர் ஆண்டெனாவை வகுப்பில் வைத்திருக்கிறேன். அதன் நடுவே மடித்த குழாய் ஒன்று உண்டு. அதன் இரு நுனிகளிலும் திருகுகள். அலைக்கு அங்கே சுமார் 300 ஓம். மல்டிமீட்டரிலோ சுழி, ஏனெனில் அது ஒரே குழாய்! 300 ஓமை நேராக 75 ஓமோடு சேர்த்தால் (300−75)/(300+75) = 0.6 பங்கு மின்னழுத்தம் எதிரொலிக்கும். திறனில் அது 0.36. ஆக, பிடித்த திறனில் 36 விழுக்காடு கேபிளுக்குள் நுழையாமலே திரும்புகிறது. தாம்புக் கயிற்றோடு மெல்லிய சணலைக் கட்டி ஓர் உதறு உதறுங்கள். முடிச்சில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருவதைக் கடைசி பெஞ்சும் பார்க்கும்.

முன்பு 300 ஓம் தட்டை ஒயரைப் பயன்படுத்தியபோது இந்தச் சிக்கல் இல்லை. கோஆக்சியலுக்கு இடையில் பேலன் என்ற சிறு மாற்றி வேண்டும். அது மின்னழுத்தத்தைப் பாதியாக்கி மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குகிறது. எனவே 300 நான்கில் ஒன்றாகி 75 ஆகிறது. பேலனின் கேபிள் பக்கத்தில் நடுக்கம்பி ஒரு திருகுக்கு, பின்னல் மற்றதற்கு. பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் அலை அங்கேயே குறுக்குச்சுற்றாகிப் படம் போய்விடும். இதைச் சோதிக்க மல்டிமீட்டர் உதவும், ஆனால் கேபிளை இரு முனையிலும் கழற்றிய பிறகுதான். மாட்டியபடியே வைத்தால், பேலனிலோ குழாயிலோ சுற்று மூடியிருக்கும். மீட்டர் வீணாக ‘பீப்’ அடிக்கும்.

மழை நீர்தான் இந்த இணைப்பின் முதல் எதிரி. நீர் பின்னலின் இழைகள் வழியே நுண்புழை ஏற்றத்தால் உள்ளே போய், செம்பைப் பச்சையாக்கி, மின்காப்பின் தன்மையையும் மாற்றிவிடும். கேபிள் இணைப்புக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து மேலேறினால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டிஷ் கேபிளையும் இப்படி வளைத்து விட்டிருக்கிறார்களா என்று வீட்டில் பார்த்துவரச் சொன்னேன். பாதிப் பேர் “இல்லை” என்றார்கள்.

இவை எல்லாவற்றையும் ஆண்டெனாவைத் தரையில் வைத்தே செய்யுங்கள். மின்கம்பி பக்கத்தில் போகும் மாடிக்கு உலோகக் குழாயோடு மாணவர்களை ஏற்ற வேண்டாம். வீட்டிலும் தாங்களாக ஏற வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கேபிள் துண்டுக்கு உள்ளூர் டிஷ் பொருத்துநரைக் கேட்டால் போதும். வெட்டிப் போட்ட துண்டுகளைப் பை நிறையக் கொடுப்பார்.