மதகு வரை வந்த தண்ணி: சித்தி வீட்டு ரூட்டர் பற்றி ஒரு குறிப்பு

காரைக்காலில் பிரான்சில் சொந்தம் இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் அந்த உறவு விட்டுப்போகவில்லை. என் சித்தி மகனும் பாரிஸ் பக்கம்தான் இருக்கிறான். இங்கே ராத்திரி பத்து மணி ஆனால் அவனுக்கு வேலை முடிகிற நேரம். அப்போதுதான் வீடியோ காலில் வருவான்.

மூணு மாசமா அந்த நேரம் பார்த்து படம் உறைந்து போகுது, குரல் துண்டு துண்டாகுது, கால் கட் ஆகுது. “அவனுக்குப் பேசப் பிடிக்கலை போலடா, அவன்தான் வைக்கிறான்”னு சித்தி சொன்னப்போ, லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போனேன்.

வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. 200-க்கு மாத்திடுங்கன்னு யாரோ யோசனை சொல்லி, சித்தியும் கிட்டத்தட்டத் தயார். நான்தான் ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன்.

கடைமடைக்காரங்களுக்கு இதைச் சுலபமா விளக்கலாம். மேட்டூர் திறந்தும் வயலுக்குத் தண்ணி வரலைன்னா, அணையைத் திட்டுறதுக்கு முன்னாடி வாய்க்கால் ஓரமா நடந்து போகணும். எந்த மதகு வரை தண்ணி வந்திருக்கு, எங்கே தூர்ந்து கிடக்குன்னு பார்க்கணும். இங்கேயும் அதே வேலைதான். ஒவ்வொரு இடத்திலும் வேகத்தை அளந்தேன்.

1. ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் நேராக கேபிள் செருகினால்: 96.
2. அதற்கு அடுத்த ரூட்டரில் கேபிள் செருகினால்: 91.
3. ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைஃபையில்: 34.
4. சித்தி உட்கார்ந்து பேசும் பின்கட்டில், வைஃபையில்: 5.

அதாவது மதகு வரை தண்ணி ஒழுங்கா வருது. வயலுக்குப் போற வாய்க்கால்தான் பிரச்சினை.

ஆனா இங்கே ஒரு கேள்வி வரணும். ஒரு வீடியோ காலுக்கு இரண்டு, மூன்று எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 5 இருந்தும் ஏன் உறையுது? வேகம் மட்டும் போதாது, தரவு விட்டுவிடாமல் நேரத்துக்கு வரணும். அதைப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கு: பின்கட்டில் உட்கார்ந்து, ரூட்டரின் சொந்த முகவரிக்கே ‘பிங்’ அனுப்பிப் பார்ப்பது. பல வீடுகளில் அந்த முகவரி 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பதில் சில மில்லிசெகண்டில் வந்துவிட வேண்டும். எனக்கு 4 வந்தது, 7 வந்தது, அப்புறம் 380, அதுக்கப்புறம் பதிலே இல்லை. இந்தத் தகவல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை என்பதைக் கவனிங்க. அப்படின்னா கம்பெனி மேலயும் தப்பில்லை, பாரிஸ் மேலயும் தப்பில்லை.

ரூட்டர் 2013-ல் வாங்கியது. ரூட்டருக்கு இரண்டு விதமா வயசாகும்.

முதலாவது, அது பேசும் மொழிக்கு ஆகும் வயசு. இது வைஃபை 4, அதாவது 2009-ல் முடிவான தரம். பெட்டியில் ‘150’ என்று போட்டிருக்கும். அகலமான 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுசாகக் கிடைத்தால்தான் அந்த எண். நெரிசலில் 20-க்கு இறங்கினால் அது 72 ஆகிவிடும். கையில் கிடைப்பது அதிலும் ஏறக்குறைய பாதி. பக்கத்தில் உட்கார்ந்தும் 34 வந்ததன் ரகசியம் இதுதான்.

இது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ராத்திரி பத்து மணிக்கு சித்தி வீட்டிலிருந்து எண்ணினால் அக்கம்பக்கத்து வைஃபை பதினாலு தெரியுது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும், மத்தவங்க காத்திருக்கணும். தூரத்தில், சுவருக்குப் பின்னால் இருக்கும் போன் மெதுவாகப் பேசுவதால் தன் முறையை நீட்டிக்கும். பகலில் நல்லா இருந்து ராத்திரி திணறுவது இதனால்தான்.

இரண்டாவது, உடம்புக்கு ஆகும் வயசு. அடாப்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் நாளாவட்டத்தில் காய்ந்து போகும். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. நம்ம ஊர் வெயிலில், டிவி பெட்டிக்குப் பின்னால் காற்றில்லாமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ரூட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகி, திரும்பவும் படுத்துக்கொண்டால் அடாப்டரையும் சந்தேகப்படலாம். மாற்றும்போது வோல்ட் அதே அளவு இருக்கணும், ஆம்பியர் குறையக்கூடாது.

செலவில்லாத வேலைகளை முதலில் செய்தேன். ரூட்டரை இரும்பு பீரோ பக்கத்திலிருந்து நகர்த்தினேன். நெரிசல் குறைந்த சேனலுக்கு மாற்றினேன். வேறொரு அடாப்டர் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டில் கொஞ்சம் தேறியது, மூன்றாவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆக, இந்த வீட்டில் கோளாறு முதல் வகை வயசு.

கடைசியில் இரண்டு அலைவரிசையும் உள்ள வைஃபை 6 ரூட்டர் ஒன்று வாங்கி, பதினைந்து மீட்டர் கேபிள் இழுத்து, ரேழியில் இல்லாமல் நடுக்கூடத்தில் வைத்தோம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம். பழைய வீட்டுத் தடிச்சுவருக்கு அதை நடுவில் வைப்பதுதான் சரி. வாங்கும் முன் உங்க போன் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்குமான்னு பார்த்துக்குங்க, இல்லைன்னா பாதி காசு வீண். ஃபைபர் பெட்டியிலேயே அந்த வசதி இருந்தால் வாங்கவே வேண்டாம். பழைய ரூட்டரைத் தூக்கிப் போடும் முன் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துடுங்க, பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும்.

இப்போது பின்கட்டில் பிங் 3-லிருந்து 6, வேகம் 80-க்கு மேல். 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றவில்லை. பழைய ரூட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் விடாது. அதை வைத்துக்கொண்டு மாற்றியிருந்தால் மாசாமாசம் தண்டம்தான்.

அன்னைக்கு ராத்திரி நாற்பது நிமிஷம் பேசினாங்க. நடுவில் அவன் கேட்டான்: “என்னம்மா, இன்னைக்கு தூக்கம் வரலையா? தினமும் பாதியிலேயே வச்சிடுவியே!”