உங்களுக்குத் தெரியுமா? பறக்காத ராக்கெட்டே பரிசோதகர்!

அணுவெப்ப ராக்கெட்டைக் கணினியில் வடிவமைப்பவர்கள் இன்றும் தங்கள் கணக்கை ஒத்துப்பார்ப்பது, 1960களில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஓட்டிய உலைகளின் அளவீடுகளோடுதான். அவற்றில் ஒன்றுகூட விண்வெளிக்குப் போனதில்லை.

• 1968இல் ஃபீபஸ்-2ஏ உலை 4,000 மெகாவாட்டைத் தாண்டியது.

• கணினிக்குத் தலைவலி, உலையில் சூடாகி ராக்கெட்டை உந்தும் ஹைட்ரஜன்தான். மைனஸ் 253 டிகிரியில் தொட்டியிலிருந்து கிளம்பி, ஒரு மீட்டர் சொச்சம் நீளமுள்ள எரிபொருள் தண்டுகளின் மெல்லிய துளைகளில் பாய்ந்து, சுமார் 2,000 டிகிரியில் சீறி வெளியேறும். போகிற போக்கில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து அணுப்பிளவையும் முடுக்கிவிடும். வாயு ஓட்டத்தையும் அணுப்பிளவையும் சேர்த்தே கணக்கிட்டாக வேண்டும்.

• 1962இல் கிவி-பி4ஏ உலையின் எரிபொருள் தண்டுகள் உடைந்து, துண்டுகள் வாயு வெளியேறும் வாய்வழியே பறந்தன. குற்றவாளி, வாயு ஓட்டம் கிளப்பிய அதிர்வு. அணுப்பிளவே இல்லாமல், குளிர்ந்த வாயுவை மட்டும் செலுத்திப் பார்த்துத்தான் அதைப் பிடித்தார்கள்!